இரட்டிப்பாய் வந்த வசூல்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் குறுங்கடன் நிறுவனத்தில் மண்டல மேலாளர் பதவி உனக்கு வந்த செய்தியை உன் அப்பா போனில் சொன்னான். குரலிலேயே பெருமை தெரிந்தது. அடுத்த வாரமே நீ அனுப்பிய பயிற்சி வகுப்புக் குறிப்புகளும் வந்து சேர்ந்தன. சாணக்கியரின் நிர்வாகச் சூத்திரங்கள் என்று தலைப்புப் போட்டு, பளபளப்பான தாளில் அச்சடித்திருக்கிறார்கள். இதெல்லாம் நிஜமாகவே அவர் சொன்னதா, என் வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறாய். நான் வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தவள், வீட்டில் உன் கொள்ளுத்தாத்தாவிடம் சம்ஸ்கிருதம் படித்தவள். அந்த இரண்டையும் நினைத்துத்தான் என்னிடம் கேட்டிருப்பாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாள். யாரிடமும் பலவீனத்தைக் காட்டாதே, எதிராளியைச் சிரித்துக்கொண்டே வீழ்த்து என்கிற ரகமான வாசகங்கள்தான் அதில் நிறைய. அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் எழுதியதாகச் சொல்லப்படும் அர்த்தசாஸ்திரத்தில் நான் பார்த்ததில்லை. சாணக்கியர் பெயரில் பிற்காலத்தில் தொகுத்த நீதிச் சுலோகங்கள் உண்டு. சில அங்கிருந்து வந்திருக்கலாம். மற்றவை கைமாறிக் கைமாறி அவர் தலையில் ஏறியவை. இவற்றைப் படித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் சந்தேகப்படக் கற்றுக்கொள்கிறார்கள், தங்களைத் தவிர. அசல் புத்தகம் அதற்கு நேர் எதிராக, அதிகாரத்தில் இருப்பவனிடமிருந்துதான் சந்தேகத்தைத் தொடங்குகிறது. உனக்கு நான் சொல்ல நினைப்பது முழுவதும் இதை ஒட்டித்தான் இருக்கும்.

அர்த்தசாஸ்திரம் நம் கைக்கு வந்த கதையில் நம் ஊர்ப்பக்கத்துக்கும் பங்கு உண்டு. பல நூற்றாண்டுகள் அந்த நூலைப் பெயராலும், பிறர் எடுத்தாண்ட பகுதிகளாலும் மட்டுமே அறிந்திருந்தார்கள். 1905-ல் தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்தார். அங்கே நூலகராக இருந்த சாமசாஸ்திரி அது என்ன சுவடி என்று கண்டுகொண்டார். 1909-ல் மூலத்தை அச்சேற்றினார், 1915-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதிகரணம் என்ற பெரும்பிரிவுகள் பதினைந்து, அத்தியாயங்கள் நூற்றைம்பது. சந்திரகுப்த மௌரியனின் அமைச்சரான சாணக்கியர்தான் எழுதினாரா, ஒருவரா பலரா என்ற வழக்கு அறிஞர்களிடம் இன்னும் முடியவில்லை. 1971-ல் டிரவுட்மன் என்பவர் நூலின் நடையைப் புள்ளிவிவரமாக அலசி, ஒரே கை எழுதியது அல்ல என்ற முடிவுக்கு வந்தார். நமக்கு இப்போது அது முக்கியமில்லை. நிர்வாகம் செய்து செய்து அலுத்த பலருடைய அனுபவம் அதில் படிந்திருக்கிறது என்பது படிக்கும்போதே தெரியும்.

புத்தகத்தைத் திறந்ததும் எதிரியை வெல்வது எப்படி என்று வரும் என்று நினைப்பாய். வருவது அரசனின் படிப்பும் புலனடக்கமும். ஆளப்போகிறவன் முதலில் விரட்ட வேண்டிய ஆறு பகைகளைச் சொல்கிறது: காமம், கோபம், பேராசை, மானம் (தன்மிதப்பு), மதம் (செருக்கு), ஹர்ஷம் (அளவுமீறிய களிப்பு). நாம் வீட்டில் கேட்டு வளர்ந்த ஆறின் பட்டியலில் மோகமும் பொறாமையும் இருக்கும். இங்கே அந்த இடத்தில் தன்னைப் பற்றிய மிதப்பும் அளவுமீறிய களிப்பும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆட்சி செய்கிறவனுக்கென்றே தயாரித்த பட்டியல் இது. கோபக்காரரான மேலதிகாரியை ஊரே அடையாளம் கண்டுவிடும், அவரைச் சுற்றி நடந்துகொள்ள எல்லோரும் பழகிக்கொள்வார்கள். நல்ல செய்தி கேட்டால் தலைகால் புரியாமல் மகிழும் மேலதிகாரியை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. அவருக்குக் கெட்ட செய்தி வருவது மட்டும் மெல்ல மெல்ல நின்றுவிடும். உன் சுபாவம் எனக்குத் தெரியும். நீ கோபப்படுகிறவள் இல்லை, சந்தோஷப்படுகிறவள். அதனால்தான் அந்த ஆறாவதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

அடுத்தது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு கிளைகளுக்கு மேலாளர் போட வேண்டும், யாரைப் போடுவதென்று குழப்பமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். முதல் அதிகரணத்தின் எட்டாம் அத்தியாயம் முழுக்க இந்தக் குழப்பம்தான். ஏழு ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுகிறார்கள். நிர்வாகத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிட உயிருள்ள விவாதம் வேறு இல்லை.

பாரத்வாஜர் தொடங்குகிறார்: கூடப் படித்தவர்களைப் போடு, அவர்கள் நேர்மையும் திறமையும் உனக்கே தெரியும். விசாலாக்ஷர் மறுக்கிறார்: சேர்ந்து விளையாடியவன் உன்னை மதிக்க மாட்டான், உன்னைப் போலவே ரகசியம் வைத்திருப்பவனைப் போடு, தன் ரகசியம் உனக்குத் தெரியும் என்ற பயத்தில் தப்புச் செய்ய மாட்டான். பராசரர் அதைக் கவிழ்க்கிறார்: அந்தப் பயம் உனக்கும் இருக்குமே, நீயும் அவனுக்கு அடங்க வேண்டிவரும், உயிர்போகும் ஆபத்தில் கூட நின்றவனைப் போடு. பிசுனர் சொல்கிறார்: அது பக்தி, புத்தி அல்ல; கணக்கு வைத்துக் கொடுத்த வேலையில், சொன்ன வருமானத்தையோ அதற்கு மேலோ கொண்டுவந்து காட்டுகிறவனைப் போடு. இன்றைய உன் டார்கெட் அட்டவணை அப்படியே அவர் வாயில் இருக்கிறது, பார்த்தாயா? கௌணபதந்தர் அதையும் ஒப்பவில்லை: வசூல் கொண்டுவருவதால் மட்டும் அமைச்சனுக்கு வேண்டிய மற்ற குணங்கள் வந்துவிடுமா; பரம்பரையாக இருக்கும் குடும்பத்தாரைப் போடு, தப்பு நடந்தாலும் உன்னை விட்டுப் போக மாட்டார்கள். வாதவ்யாதி: அவர்கள் எல்லாவற்றையும் கைக்குள் போட்டுக்கொண்டு தாங்களே முதலாளிபோல நடப்பார்கள், சாஸ்திரம் படித்த புதியவர்களைப் போடு. பாகுதந்திபுத்திரர்: படிப்பு மட்டும் உள்ளவன், செய்து பழகாதவன், வேலை வந்தால் திணறுவான், குலம், அறிவு, நேர்மை, துணிவு, பற்று எல்லாம் உள்ளவனைப் போடு.

சாணக்கியருக்கே இன்னொரு பெயராகச் சொல்லப்படும் கௌடில்யர் கடைசியில் பேசுகிறார். யாரையும் அவர் முட்டாள் என்று தள்ளவில்லை. எல்லோர் சொன்னதும் அந்தந்த இடத்தில் பொருந்தும் என்கிறார். ஆளின் திறனை, அவன் செய்து முடித்த வேலையிலிருந்துதான் கணிக்க வேண்டும். இடம், காலம், வேலை மூன்றையும் பார்த்துப் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு நிபந்தனை வைக்கிறார்: இவர்கள் எல்லோரையும் அதிகாரிகளாக வைத்துக்கொள்ளலாம், எல்லோரையும் ஆலோசகர்களாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கடைசிப் பிரிவினையை உன் டைரியில் எழுதிக்கொள். கிளையை நன்றாக நடத்துகிறவர் உனக்கு நல்ல யோசனை சொல்கிறவராகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல யோசனை சொல்கிறவர் கிளையை நடத்தத் தெரியாதவராக இருக்கலாம். பல நிறுவனங்களில் வசூலில் முதலிடம் பிடித்தவரையே எல்லாக் கூட்டத்திலும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த அறையில் வசூலைத் தவிர வேறு பேச்சே நடப்பதில்லை. ஆலோசனைக்கு எத்தனை பேர் என்பதற்கும் அதே அதிகரணத்தில் பதில் உண்டு: மூன்று அல்லது நான்கு. ஒருவர் மட்டும் என்றால் அவர் கட்டுப்பாடில்லாமல் போவார். இருவர் என்றால் ஒன்று சேர்ந்து உன்னை மடக்குவார்கள், அல்லது தங்களுக்குள் சண்டையிட்டுக் காரியத்தைக் கெடுப்பார்கள். ஆனால் கேட்பது எல்லோரிடமும் கேட்கலாம். சிறுபிள்ளை சொன்னாலும் பொருள் இருந்தால் எடுத்துக்கொள் என்றும் அங்கேயே இருக்கிறது. உன் கிளைகளில் டீ கொண்டுவரும் அம்மாவுக்கு எந்தக் குழுத் தலைவி எந்தக் கள அலுவலரிடம் என்ன முறையிட்டாள் என்பது தெரியும். நான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன இடங்களில், கேஷியருக்கு முன்னால் கடைநிலை ஊழியரிடம்தான் முதலில் உட்கார்ந்து பேசுவேன்.

இப்போது, நான் உன்னிடம் மிகவும் சொல்ல நினைத்த பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் அதிகரணம் துறைத் தலைவர்களைப் பற்றியது. கருவூலம், சுரங்கம், நெசவு, எடை அளவு, சுங்கம், கப்பல் என்று ஒவ்வொன்றாக வருகிறது. அதில் ஏழு, எட்டு, ஒன்பதாம் அத்தியாயங்கள் கணக்கையும் கணக்கில் நடக்கும் திருட்டையும் பேசுகின்றன. கணக்காண்டு 354 நாள்; ஆஷாட மாதப் பௌர்ணமியோடு முடியும். அப்போது ஒவ்வொரு துறையாரும் முத்திரையிட்ட ஏடுகளோடும் மீதிப் பணத்தோடும் வர வேண்டும், வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேச இடம் தரக் கூடாது. பணத்தைச் சுரண்டும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டுகிறது. முன்னால் வந்ததைப் பின்னால் வரவு வைப்பது, பின்னால் வந்ததை முன்தேதியிட்டு வைப்பது, வசூலாக வேண்டியதை வசூலாகவில்லை என்பது, வசூலாகாததை ஆனதாகக் காட்டுவது, கொஞ்சம் வந்ததை நிறையவாக்குவது, ஒருவரிடம் வாங்கியதை இன்னொருவர் பெயரில் எழுதுவது. இதைப் படித்தபோது என் பழைய இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கைகள் கண்முன்னே வந்தன. புதுக் கடன் கொடுத்துப் பழைய கடனை அடைத்துவிட்டு நிலுவையே இல்லை என்று காட்டுகிறார்களே உங்கள் தொழிலில், அது இந்த நாற்பதுக்குள் அடங்கிவிடும்.

திருட்டைக் கண்டுபிடிக்கும் முறையும் அங்கே உண்டு. பொருளைக் காப்பவன், எழுதுகிறவன், வாங்குகிறவன், கொடுக்கிறவன், கொடுக்கச் செய்தவன், அவர்களுக்கு யோசனை சொன்னவன் எல்லோரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த அதிகாரி வேலை பார்த்த வட்டாரத்தில் அறிவிப்புச் செய்ய வேண்டும்: இவரால் நஷ்டப்பட்டவர்கள் வந்து சொல்லுங்கள். வந்து சொன்னவர்களுக்கு, நஷ்டப்பட்ட அளவுக்குக் கொடுக்க வேண்டும். ஏட்டுக்கு வெளியே உள்ளவர்களிடம்தான் ஏட்டின் உண்மை இருக்கிறது என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஓர் அதிகாரிக்குப் புரிந்திருக்கிறது.

இப்போது ஒன்பதாம் அத்தியாயம். குறைத்து வசூலிக்கிற அதிகாரி அரசனின் பொருளைத் தின்கிறான் என்று சொல்கிறது. இது யாரும் சொல்வதுதான். அடுத்த அடியில், நியமித்ததைப் போல இரண்டு மடங்கு வசூலித்துவிட்டு வந்து நிற்கிறவன் நாட்டு மக்களைத் தின்கிறான் என்கிறது. அவன் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும், குற்றம் சிறியதானால் எச்சரிக்க வேண்டும், பெரியதானால் தண்டிக்க வேண்டும். வந்த வருமானத்தையெல்லாம் செலவாகக் காட்டுகிறவன் வேலைக்காரர்களின் உழைப்பைத் தின்கிறான் என்று மூன்றாவதும் சொல்கிறது.

இதை நீ நிதானமாக யோசிக்க வேண்டும். நம் காலத்து நிறுவனங்களில் இலக்கைத் தவறவிட்டவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். இலக்கை இரண்டு மடங்காக முடித்தவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுகிறோம். வரம்புக்கு மேல் வந்த பணம் வானத்திலிருந்து விழுந்திருக்காது, யாருடைய வீட்டிலிருந்தோதான் வந்திருக்கும் என்ற எளிய கணக்கை அந்த நூல் மறக்கவில்லை.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி அதை மறந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு விதமான கணக்குகளாவது விற்க வேண்டும் என்று கிளைகளை நெருக்கினார்கள். எண்கள் அருமையாக வந்தன. 2016 செப்டம்பரில், வாடிக்கையாளரைக் கேட்காமலேயே ஏறக்குறைய இருபது லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டிருக்கலாம் என்பது வெளியானது. 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். அத்தனை வருஷமும் அந்த நல்ல எண்களைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் மேலே இருந்தார்கள். வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் கீழே இருந்தார்கள்.

உன் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது 2010-ல் ஆந்திரத்தில் நடந்தது. ஒரே கிராமத்தில் பல குறுங்கடன் நிறுவனங்கள், ஒரே பெண்ணுக்கு நாலைந்து கடன், வாராவாரம் தவணை. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றில் வாங்கினார்கள். எல்லா நிறுவனத்தின் ஏட்டிலும் வசூல் நூற்றுக்கு நூறை ஒட்டியே இருந்தது. கடன் தொல்லையால் தற்கொலைகள் என்ற செய்திகள் வரத் தொடங்கின. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு அங்கே வசூல் ஏறக்குறைய நின்றேபோனது. நாட்டு மக்களைத் தின்ற பின் அரசனின் கருவூலமும் காலியாகிறது. இரண்டும் வேறு வேறு நஷ்டம் இல்லை.

ஆள்கிறவனை இப்படி எச்சரிப்பதை நம்முடைய இதிகாசங்களில் வேறு விதமாகச் செய்கிறார்கள். சித்திரகூடத்தில் பரதன் வந்து ராமன் காலில் விழும் இடம் உனக்குத் தெரியும். பாட்டி கதை சொல்லும்போது அந்த இடத்தில் அழுவாள். வால்மீகியில் அந்தச் சந்திப்பின் தொடக்கத்தில், அயோத்தியா காண்டத்தின் நூறாவது சர்க்கத்தில், ராமன் பரதனிடம் கேள்வியாகக் கேட்கிறான். ஆலோசனையைத் தனியாக ஒருவனோடு செய்கிறாயா, பெரிய கூட்டத்தோடு செய்கிறாயா? ஆயிரம் மூடரை விட்டுவிட்டு ஓர் அறிஞனைத் தேடுகிறாயா? படைவீரர்களுக்குச் சோறும் சம்பளமும் உரிய நாளில் போகிறதா, தாமதமாகிறதா? வருமானம் அதிகமாகவும் செலவு குறைவாகவும் இருக்கிறதா? பணக்காரனுக்கும் ஏழைக்கும் வழக்கு வந்தால் உன் அதிகாரிகள் பணத்துக்கு மசியாமல் விசாரிக்கிறார்களா? மகாபாரதத்தின் சபா பருவத்திலும் நாரதர் யுதிஷ்டிரனிடம் இப்படியே ஓர் அத்தியாயம் முழுக்கக் கேட்கிறார். நலிந்த உழவனுக்கு விதையும் உணவும் கிடைக்கிறதா, அவனுக்குக் கருணையோடு கடன் தருகிறாயா, உனக்காக உயிர்விட்டவர்களின் மனைவிமாரைக் காப்பாற்றுகிறாயா என்று போகிறது அது.

உபதேசம் என்றால் இரண்டு பெரியவர்களும் கட்டளையாகவே சொல்லியிருக்கலாம். கேள்வியாகக் கேட்டதால்தான், கேட்கப்பட்டவன் தன் ஊரின் உண்மை நிலையை மனத்துக்குள் ஓட்டிப்பார்த்தாக வேண்டியிருக்கிறது. யுதிஷ்டிரன் அப்போது புது நகரத்தில், புதுச் சபா மண்டபத்தில், வெற்றியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துத்தான் நாரதர் வந்து கேட்கிறார். நீ மேலாளராக இருக்கும் வரை, வருஷத்துக்கு ஒருமுறையாவது உனக்கு நீயே போட்டுக்கொள்ளும் கேள்வித்தாள் ஒன்று வைத்துக்கொள். அதில் எண்ணால் பதில் சொல்ல முடியாத கேள்விகள் பாதியாவது இருக்கட்டும்.

சம்பளத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் நீ சுருக்கமாகத் தாண்டிப்போன விஷயம் அது. உன் கள அலுவலர்கள் பணத்தை வைத்துக்கொண்டு பைக்கில் ஊர் ஊராகப் போகிறார்கள், ஒருவருக்கு விபத்து, ஆள் வராததால் வசூல் பாதித்தது என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்? அவன் வீட்டுக்கு யார் போனார்கள்? அர்த்தசாஸ்திரத்தின் ஐந்தாம் அதிகரணம் அரசு ஊழியர் சம்பளத்தை மேலே 48,000 பணத்திலிருந்து கீழே 60 பணம் வரை வரிசையாகச் சொல்கிறது. அந்த ஏற்றத்தாழ்வை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. ஆனால் மொத்தச் சம்பளம் வருமானத்தில் கால் பங்கு என்று திட்டமிட்டுவிட்டு, கொடுப்பது ஆளை விலைபோகாமலும் வெறுப்படையாமலும் வைத்திருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறது. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவி மக்களுக்கு அவருடைய சோறும் சம்பளமும் தொடர வேண்டும், அந்த வீட்டுக் குழந்தைகள், முதியோர், நோயாளிகளைக் கவனிக்க வேண்டும், சாவு, நோய், பிரசவம் என்றால் பணமும் மரியாதையும் போய்ச்சேர வேண்டும். பயிற்சி வகுப்புகள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. உன் மண்டலத்தில் ஒருவர் சாலையில் இறந்தால் முதல் நாளே அந்த வீட்டுக்கு என்ன போகும், யார் கையால் போகும் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று நாளைக்கே பார். இல்லையென்றால் நீ எழுதிவை. தலைமை அலுவலகத்தோடு சண்டை போட வேண்டியிருந்தால் இதற்குப் போடு.

கதவைப் பற்றிச் சில வரி. பார்க்க வந்தவரை வாசலில் காக்கவைக்காதே என்று அரசனின் நாள் அட்டவணையைச் சொல்லும் அத்தியாயத்தில் வருகிறது. எளிதில் பார்க்க முடியாத அரசனை, அருகில் இருக்கும் சிலர் செய்ய வேண்டியதைச் செய்யாதவனாகவும் செய்யக் கூடாததைச் செய்கிறவனாகவும் மாற்றிவிடுவார்கள். இதன் கதை வடிவம் பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரம். பிங்களகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற காளையும் உற்ற நண்பர்கள். தமனகன் என்ற நரி இருவரிடமும் தனித்தனியாகப் போய் மற்றவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சிங்கமே காளையைக் கொல்லும்படி செய்துவிடுகிறது. சிங்கமும் காளையும் ஒருமுறை நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதே. அவரையே கூப்பிட்டுக் கேள்.

இந்த நூல்களிலிருந்து நீ எடுக்கக் கூடாதவையும் இருக்கின்றன. அதிகாரிகளின் நேர்மையைச் சோதிக்கப் பொய்யாகப் பணத்தாசை காட்டுவது, பெண்ணைக் காட்டுவது, பயம் காட்டுவது என்று அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. ஊரெங்கும் ஒற்றர்களை வைக்கச் சொல்கிறது. தண்டனையை வருணத்துக்கு ஒரு விதமாக நிறுக்கிறது. சோதனை என்ற பெயரில் கெடாதவனைக் கெடுத்துவிடாதே என்று கௌடில்யரே ஓரிடத்தில் எச்சரித்தாலும், அந்த முழு ஏற்பாடும் குடிமக்களுக்கு உரிமை என்று ஒன்று இல்லாத காலத்துக்கு உரியது. உன் கீழே இருப்பவர்கள் உன் குடிமக்கள் அல்லர். சட்டமும் சுயமரியாதையும் உள்ள சக ஊழியர்கள். ஊழியரின் செல்போனை வேவு பார்ப்பதற்கோ, ஆளைவிட்டு ஆழம் பார்ப்பதற்கோ யாராவது சாணக்கியர் பெயரைச் சொன்னால், வேண்டாம் என்று எழுந்து சொல். பழையது என்பதற்காக ஒன்றை ஏற்கவும் வேண்டாம், பழையது என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

முழுதாகப் படிக்க ஆசை வந்தால், மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் கௌடிலீயம் எனப்படும் அர்த்தசாஸ்திரத்தைத் தமிழில் பெயர்த்திருக்கிறார், நூலகத்தில் தேடிப்பார். ஆங்கிலத்தில் ஒலிவெல் என்ற அறிஞர் 2013-ல் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு தெளிவாக இருக்கிறது. முதலிலிருந்து தொடங்கினால் அலுத்துவிடும். இரண்டாம் அதிகரணத்தின் கணக்குப் பகுதியிலிருந்து தொடங்கு. உனக்குத் தெரிந்த உலகம் அது.

கடைசியாக, உன் கடிதத்தில் நீ மிக மகிழ்ச்சியாக எழுதியிருந்த அந்தக் கிளை. ஆறு மாதத்தில் கடனும் வசூலும் இரண்டு மடங்கு, நிலுவை பூஜ்யம், அந்த மேலாளருக்கு அடுத்த மாத விழாவில் விருது. அவர் நேர்மையான உழைப்பாளியாகவே இருக்கலாம். அவர்மீது நான் பழி சொல்லவில்லை. ஆனால் விருதுக்கு முன்னால் நீ அங்கே போ. முன்கூட்டிச் சொல்லாமல் போ, கிளை மேலாளரைக் கூட்டிக்கொண்டு போகாதே. இரண்டு மூன்று குழுக் கூட்டங்களில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து கேள். உங்களுக்கு இன்னும் எத்தனை இடத்தில் கடன் இருக்கிறது? இந்த வாரத் தவணை எதிலிருந்து வந்தது, கூலியிலிருந்தா, அடகிலிருந்தா, வேறு கடனிலிருந்தா? ஒருத்தி கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள், அலுவலர் என்ன சொல்கிறார்? குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வரம்பு வைத்திருக்கிறதே, அந்த வருமானத்தைப் படிவத்தில் எழுதியது யார், அந்தப் பெண்ணா, உங்கள் ஆளா? கள அலுவலர்களிடம் தனித்தனியாகப் பேசு. பழைய கடன் முடிந்த தேதியையும் புதுக் கடன் கொடுத்த தேதியையும் ஐம்பது பேருக்காவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எல்லாம் சரியாக இருந்தால் அந்த மேலாளருக்கு நீயே மாலை போடு, என் சார்பிலும் ஒன்று போடு. இல்லையென்றால், எவ்வளவு, யாரிடமிருந்து என்று குறித்துக்கொண்டு, நஷ்டப்பட்ட பெண்களுக்கு என்ன திருப்பிக் கொடுக்க முடியும் என்பதை முதலில் யோசி. தண்டனையைப் பிறகு பார்க்கலாம். விழாவை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று இன்றைக்கே கேட்டுப்பார்.

அன்புடன்,
உன் அத்தை